கண் அசைவையும் கை அசைவையும் மூளை திட்டமிடும் விதம்

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவர், எதிரே மேசை மீது இருக்கும் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறார். கை டம்ளருக்குச் சற்று அப்பால் சென்று வெறுமனே மூடிக்கொள்கிறது. மறுமுறை நீட்டும்போது விரல்கள் டம்ளரின் மீது மோதி, தண்ணீர் கொட்டிவிடுகிறது. அவருடைய கண்களைப் பரிசோதித்த மருத்துவர் பார்வை நன்றாக இருப்பதாகக் கூறியிருக்கிறார். கையிலும் பலம் இருக்கிறது. நம் கையைப் பற்றச் சொன்னால் இறுகப் பற்றுகிறார். 'டம்ளர் எங்கே?' என்று கேட்டால், 'இதோ, எதிரில்தான் இருக்கிறது' என்கிறார். ஆனாலும் அவரால் அதை எடுக்க இயலவில்லை.

இத்தகைய நிலையைக் காணும் குடும்பத்தினர் அதனைக் கவனக்குறைவு என்றோ, பிடிவாதம் என்றோ, வயோதிகத்தின் விளைவு என்றோ கருதிவிடுவது உண்டு. சிலர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார்கள். உண்மையில் இங்குப் பழுதடைந்திருப்பது கண்ணும் அன்று, கையும் அன்று. பார்ப்பதற்கும் கை நீட்டுவதற்கும் இடையே மூளை வகுக்கும் திட்டமே பழுதடைந்துள்ளது. அத்திட்டம் எவ்வாறு உருவாகிறது, எந்தெந்த நோய்களில் அது குலைகிறது, அப்போது நோயாளியும் பராமரிப்பவரும் செய்ய வேண்டியவை யாவை என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

கண் ஏன் ஓயாது அசைகிறது?

நம் கண் முன்னுள்ள காட்சி முழுவதும் ஒரே தெளிவுடன் தெரிவதாக நாம் எண்ணுகிறோம். ஆனால், விழித்திரையின் மையத்தில் உள்ள மிகச் சிறிய பகுதி மட்டுமே நுட்பமான பார்வையைத் தருகிறது. கையை முழுவதும் நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அந்த விரலின் அகலம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு இடமே ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. எஞ்சிய பகுதி மங்கலாகவே பதிகிறது.

ஆகவே, பார்க்க விரும்பும் ஒவ்வொரு பொருளின் மீதும் அந்த மையப் பகுதியைக் கொண்டு நிறுத்துவதற்காகக் கண் தாவித் தாவி அசைகிறது. விழித்திருக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 3 முறை இத்தகைய தாவல் நிகழ்கிறது. ஒரு பொருள் தோன்றியதிலிருந்து அதை நோக்கிக் கண் தாவத் தொடங்குவதற்குச் சுமார் வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லி வினாடி ஆகிறது. எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு தாவ வேண்டும் என்பதை மூளை முடிவு செய்வது இந்த இடைவெளியில்தான். தாவல் தொடங்கிய பின்னர் பெரும்பாலும் வினாடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் முடிந்துவிடும்.

தாவும் அந்தக் கணத்தில் காட்சி கலங்கித் தெரியாதபடி மூளை பார்த்துக்கொள்கிறது. இதனை நீங்களே சோதித்தறியலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள். பிறகு வலக் கண்ணைப் பாருங்கள். இவ்வாறு மாற்றி மாற்றிப் பார்த்தாலும் உங்கள் கண்கள் அசைவதை உங்களால் காண இயலாது. அருகில் நிற்பவரோ அவ்வசைவைத் தெளிவாகக் காண்பார். கண்ணை எப்போது, எங்கே நகர்த்தப் போகிறோம் என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

கை நீட்டுவதற்கு முன் மூளை கணக்கிடுபவை

கை அசைவு கண் அசைவைக் காட்டிலும் சிக்கலானது. கண்ணை அசைக்க ஒவ்வொரு விழிக்கும் 6 தசைகள் உள்ளன. விழியும் ஒரு குழிக்குள் சுழல்கிறது. கையிலோ தோள், முழங்கை, முன்கை, மணிக்கட்டு ஆகியவை சேர்ந்து 7 விதமாக மடங்கியும் திரும்பியும் இயங்குகின்றன. விரல்களின் அசைவுகள் இதற்கு மேற்பட்டவை. ஒரே டம்ளரை எண்ணற்ற வழிகளில் சென்று எடுக்கலாம். அவற்றுள் ஒன்றை மூளை தேர்ந்தெடுக்கிறது. அதற்காகப் பின்வரும் வினாக்களுக்கு விடை காண வேண்டியிருக்கிறது.

முதலாவது, பொருள் எங்கே இருக்கிறது என்பது. விழித்திரையில் பதியும் பிம்பம், பொருள் கண்ணின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே கூறும். கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான், பொருள் உடலுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியவரும்.

இரண்டாவது, கை இப்போது எங்கே இருக்கிறது என்பது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் இதனை இடைவிடாது மூளைக்குத் தெரிவிக்கின்றன. கண்களை மூடிக்கொண்டு நம் மூக்கின் நுனியைத் தொட முடிவது இந்த உணர்வினால்தான்.

மூன்றாவது, பொருளின் அளவும் வடிவமும். டம்ளரை நோக்கிக் கை செல்லும்போதே விரல்கள் விரியத் தொடங்குகின்றன. டம்ளரின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக விரிந்து, அதைத் தொடுவதற்கு முன்னரே மூடத் தொடங்குகின்றன. மெல்லிய ஊசியை எடுக்கும்போது இதே விரல்கள் சிறிதளவே விரிகின்றன. இதை நாம் நினைத்துச் செய்வதில்லை. திட்டத்திலேயே அது அடங்கியிருக்கிறது.

நான்காவது, எவ்வளவு விசை தேவை என்பது. நிறைந்த குடத்தையும் வெற்றுக் குடத்தையும் தூக்க வெவ்வேறு விசை வேண்டும். நிறைந்திருப்பதாக எண்ணி வெற்றுக் குடத்தைத் தூக்கும்போது கை சட்டென்று மேலே எழும்புவதை அனைவரும் அனுபவித்திருப்போம். தூக்குவதற்கு முன்னரே மூளை விசையைக் கணக்கிட்டுவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

கண் முன்னே செல்கிறது, கை பின்தொடர்கிறது

அன்றாட வேலைகளில் கண்ணும் கையும் ஓர் ஒழுங்குடன் இணைந்து செயல்படுகின்றன. தேநீர் தயாரிப்பவர்களின் கண் அசைவுகளைப் பதிவு செய்து இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பொருளைக் கை கையாளத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அரை வினாடி முன்னதாகவே கண் அதன் மீது சென்று நின்றது அதில் தெரியவந்தது. கை ஒரு வேலையை முடிக்கும் தறுவாயில் கண் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டது. அந்த வேலைக்குத் தொடர்பில்லாத பொருள்களைக் கண் மிக அரிதாகவே பார்த்தது.

ஆகவே, கண் செல்லும் இடமே கைக்கு வழிகாட்டியாகிறது. பராமரிப்பாளர்கள் இவ்வுண்மையை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் கூறப்படும் பயிற்சிகள் பலவற்றிற்கு இதுவே அடிப்படையாகும்.

கை புறப்பட்ட பின்னரும் திட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு விளக்குப் புள்ளியை நோக்கிக் கை நீட்டச் சொல்லி, கண் தாவும் கணத்தில் அப்புள்ளியைச் சற்று நகர்த்தி நடத்தப்பட்ட சோதனைகள் 1986-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அவற்றில் பங்கேற்றவர்கள் புள்ளி நகர்ந்ததை உணரவே இல்லை. ஆயினும் அவர்களுடைய கை, புள்ளியின் புதிய இடத்திற்கே சென்றது. நமது அறிவிற்கு எட்டாமலேயே கையை வழிநடத்தும் ஒரு பொறிமுறை மூளையில் இருப்பதை இது காட்டுகிறது.

மூளையின் எந்தப் பகுதிகள் இப்பணியில் ஈடுபடுகின்றன?

இப்பணியை மூளையின் ஒரே பகுதி செய்வதில்லை. பல பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு செய்கின்றன. மருத்துவ அறிக்கைகளில் காணப்படும் பெயர்களைப் புரிந்துகொள்ள ஏதுவாக முதன்மையானவை இங்குத் தரப்படுகின்றன.

பின் மடல்: ஆக்சிபிட்டல் என அறிக்கைகளில் எழுதப்படுவது. தலையின் பின்புறம் அமைந்துள்ளது. கண்களிலிருந்து வரும் செய்தியை முதலில் பெற்று ஆராயும் பகுதி இதுவே.

உச்சி மடல்: பாரைட்டல் என அறிக்கைகளில் எழுதப்படுவது. உச்சந்தலைக்குக் கீழே, சற்றுப் பின்புறமாக இருபுறமும் அமைந்துள்ளது. பொருள் இருக்கும் இடம், கண் திரும்பியுள்ள திசை, கை இருக்கும் நிலை ஆகிய மூன்றையும் இணைத்து, கண்ணையும் கையையும் எங்கே செலுத்த வேண்டும் என்ற திட்டத்தை வகுப்பதில் இது முதன்மையான பங்கு வகிக்கிறது. குரங்குகளில் நடைபெற்ற ஆய்வுகளில், இம்மடலின் பின்பகுதியில் கண் தாவலைத் திட்டமிடும்போது மிகுதியாக இயங்கும் இடமும், கை நீட்டலைத் திட்டமிடும்போது மிகுதியாக இயங்கும் இடமும் அருகருகே இருப்பது கண்டறியப்பட்டது.

முன் மடல்: ஃப்ரான்டல் என எழுதப்படுவது. எதைச் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்று தேர்ந்தெடுப்பதும், விருப்பப்படி கண்ணைத் திருப்புவதும், தசைகளுக்குக் கட்டளை அனுப்புவதும் இதன் பணிகள். இடப்பக்க மூளையிலிருந்து புறப்படும் கட்டளைகள் பெரும்பாலும் வலக் கையையும், வலப்பக்க மூளையிலிருந்து புறப்படுபவை இடக் கையையும் இயக்குகின்றன.

அடித்தள நரம்பு முடிச்சுகள்: பேசல் காங்க்லியா என எழுதப்படுவது. மூளையின் ஆழத்தில் உள்ளவை. வகுக்கப்பட்ட திட்டத்தைத் தொடங்க அனுமதிப்பதும், வேண்டாத அசைவுகளைத் தடுத்து நிறுத்துவதும் இவற்றின் பணி.

சிறுமூளை: செரிபெல்லம் என எழுதப்படுவது. அசைவின் அளவையும் நேரத்தையும் செம்மைப்படுத்துகிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையைச் சென்றடைந்து, கைக்குத் திருத்தம் வந்து சேர்வதற்குச் சிறிது காலம் பிடிக்கும். அதுவரை காத்திருந்தால் கை இலக்கைத் தாண்டிவிடும். ஆதலால், அனுப்பப்பட்ட கட்டளையைக் கொண்டு கை இந்நேரம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கச் சிறுமூளை உதவுகிறது. தவறு நேர்ந்தால் அடுத்த முறை அதைத் திருத்திக்கொள்வதும் இதன் பணியே.

மூளைத்தண்டு: விழித் தசைகளுக்கான நரம்புகளில் கட்டளை சென்று சேரும் இறுதி நிலையம். கண் தாவலுக்கான நரம்புத் தொகுதிகள் இங்கு அமைந்துள்ளன.

திட்டம் குலையும்போது தோன்றும் அறிகுறிகள்

எந்தப் பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்பதற்கேற்ப அறிகுறிகள் வேறுபடும்.

உச்சி மடல் பாதிப்பு: ஹங்கேரி நாட்டு மருத்துவர் ரெஜோ பாலின்ட் 1909-ஆம் ஆண்டில் ஒரு நோயாளியைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டார். அந்நோயாளி சுருட்டைப் பற்றவைக்க முயலும்போது அதன் நுனியில் அல்லாது நடுவில் தீ வைத்தார். தட்டில் உள்ள இறைச்சியை அறுக்க முயலும்போது கத்தி தட்டிற்கு வெளியே சென்றது. அவருடைய கை பலமிழக்கவில்லை. தம் உடலின் பாகங்களை அவரால் சரியாகத் தொட முடிந்தது. பார்த்த பொருளை நோக்கிச் செல்லும்போது மட்டுமே வலக் கை தவறியது. இந்நிலைக்கு ஆப்டிக் அடாக்சியா, அதாவது பார்வைவழிக் கைத் தடுமாற்றம் என்று பெயர். முதல் உலகப் போரில் தலையில் குண்டு பாய்ந்த வீரர்களிடமும் இதனை ஒத்த குறைகளை பிரித்தானிய மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் கண்டு 1918-இல் விவரித்தார்.

இருபுறத்து உச்சி மடல்களும் பாதிக்கப்பட்டால், கைத் தடுமாற்றத்துடன் வேறு இரு குறைகளும் சேர்ந்து தோன்றலாம். விரும்பிய பொருள் மீது கண்ணைத் திருப்ப இயலாமை ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே காண முடிவது மற்றொன்று. இம்மூன்றும் சேர்ந்த நிலை பாலின்ட் நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. பக்கவாதம், இரத்த அழுத்தம் மிகவும் குறைந்து மூளைக்கு இரத்தம் போதாமற் போதல், தலைக்காயம், மூளைக்கட்டி, மூளையின் பின்பகுதி படிப்படியாகச் சுருங்கும் ஒருவகை மறதிநோய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

ஒருபக்கப் புறக்கணிப்பு: வலப்பக்க மூளையில் பக்கவாதம் ஏற்பட்ட சிலர் தம் இடப்பக்கத்தை அறவே கவனிப்பதில்லை. தட்டில் வலப்பாதி உணவை மட்டும் உண்டு எழுவார்கள். முகத்தின் ஒருபக்கத்தை மட்டும் சவரம் செய்வார்கள். குறை தம்மிடம் இருப்பதையே அவர்கள் உணராமல் இருக்கலாம்.

சிறுமூளைப் பாதிப்பு: கை இலக்கைத் தாண்டிச் செல்லும், அல்லது எட்டாமல் நின்றுவிடும். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். பக்கவாதம், நீண்டகால மதுப்பழக்கம், சில பரம்பரை நோய்கள் ஆகியவை காரணமாகலாம். இவர்கள் தம் மூக்கைத் தொடுவதிலும் தடுமாறுவார்கள். பார்வைவழிக் கைத் தடுமாற்றத்திலிருந்து இதனைப் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவுகிறது.

பார்க்கின்சன் நோய்: அசைவைத் தொடங்குவதே கடினமாகும். கை மெதுவாகச் செல்லும். கண் தாவல்களும் சிறுத்துவிடுவதால் ஒரே தாவலில் சேர வேண்டிய இடத்திற்குப் பல தாவல்கள் தேவைப்படும்.

கண்ணைக் கீழ்நோக்கித் திருப்ப இயலாமை: இது ஒருசில அரிய மூளை நோய்களில் காணப்படும். இவர்கள் தட்டில் உள்ள உணவையும் படிக்கட்டையும் பார்க்கத் தவறுவார்கள்; அடிக்கடி, குறிப்பாகப் பின்புறமாக, விழுவார்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

கண்-கை ஒருங்கிணைப்பு திடீரெனக் கெட்டால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தாமதிக்கலாகாது.

- முகம் ஒருபக்கம் கோணுதல்
- ஒரு கை அல்லது கால் பலமிழத்தல், மரத்துப்போதல்
- பேச்சு குழறுதல், பிறர் பேசுவது புரியாமை
- பார்வை மங்குதல், ஒருபக்கம் தெரியாமை, இரட்டையாகத் தெரிதல்
- நிற்கவும் நடக்கவும் இயலாதபடி தள்ளாட்டம்
- எடுக்க நினைக்கும் பொருளைக் கை தவறவிடுதல்

இந்தியாவில் இருப்பவர்கள் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். இரத்த உறைவால் ஏற்படும் பக்கவாதத்தில், உறைவைக் கரைக்கும் ஊசி மருந்து பொதுவாக அறிகுறி தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். எவ்வளவு முன்னதாகச் செலுத்தப்படுகிறதோ அவ்வளவு பயன் கிட்டும். ஆகவே, நோயாளி கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். வரும் வழியில் உணவோ, தண்ணீரோ, மாத்திரையோ வாய்வழியே கொடுக்கலாகாது. உறங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதும், கை வைத்தியம் செய்து பார்ப்பதும் மீட்க முடியாத இழப்பை உண்டாக்கும்.

குறை மெல்ல மெல்லத் தோன்றியிருந்தால், முதலில் கண் மருத்துவரிடம் பார்வையைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரை, கண்நீர் அழுத்தம் போன்ற நோய்கள் இல்லை என்று தெரிந்தபின்னும் தடுமாற்றம் நீடித்தால் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.

மருத்துவர் செய்யும் பரிசோதனைகள்

பெரும்பாலான தகவல்கள் எளிய பரிசோதனைகளிலிருந்தே கிடைத்துவிடும். மருத்துவர் தம் விரலை நீட்டி, நோயாளியை அதைத் தொடச் சொல்வார். பிறகு நோயாளியின் மூக்கைத் தொடச் சொல்வார். விரலை நேராகப் பார்த்துக்கொண்டு தொடும்போதும், வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஓரப்பார்வையில் தொடும்போதும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பார். இரு விரல்களை மாறி மாறிப் பார்க்கச் சொல்லிக் கண் தாவலை ஆராய்வார். ஒரு கோட்டின் நடுப்புள்ளியைக் குறிக்கச் சொல்வது, கடிகாரம் வரையச் சொல்வது, பல பொருள்கள் உள்ள படத்தை விவரிக்கச் சொல்வது ஆகியவையும் வழக்கமானவை. மூளையில் எந்த இடம் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை அறிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படும்.

மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் நீங்கள் கண்டவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கை தவறுகிறது, எந்தப் பக்கத்தில் உள்ள பொருள் தவறுகிறது, நேராகப் பார்த்து எடுத்தால் சரியாக எடுக்கிறாரா ஆகிய மூன்று குறிப்புகளும் நோயறிய மிகவும் உதவும்.

சிகிச்சையும் மறுவாழ்வும்

முதலில் மூல காரணத்திற்குச் சிகிச்சை அளிக்கப்படும். பக்கவாதம் மீண்டும் வராதிருக்க இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகளை நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும். புகையிலையை அறவே கைவிட வேண்டும்.

அடுத்தது பயிற்சி. இயன்முறைச் சிகிச்சையாளர் உடல் அசைவுகளுக்கும், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையை அளிப்பவர் உண்ணுதல், உடுத்துதல், குளித்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்கும் பயிற்சி தருவார்கள். பாதிப்படையாத நரம்புத் தொகுதிகள் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியினால் புதிய வழிகளைக் கற்றுக்கொள்ளும். பக்கவாதத்திற்குப் பின் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பின்னரும் மெதுவாகத் தொடரலாம். மூளை படிப்படியாகச் சுருங்கும் நோய்களில் முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும், வீட்டை ஒழுங்கமைப்பதாலும் முறையான பயிற்சியாலும் நோயாளி பிறர் உதவியின்றி இயங்கும் காலத்தை நீட்டிக்க முயலலாம். தமிழ்நாட்டில், மருத்துவமனைக்கு வர இயலாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெறுவது குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

- 'முதலில் பார், பிறகு நீட்டு' என்பதே அடிப்படை விதி. பார்வைவழிக் கைத் தடுமாற்றத்தில் ஓரப்பார்வையில் உள்ள பொருளையே கை அதிகம் தவறவிடும். பொருளின் பக்கம் தலையைத் திருப்பி, கண்ணை அதன் மீது நிறுத்தி, ஒரு கணம் பொறுத்து, பிறகு கையை நீட்டப் பழக்குங்கள்.
- தொடு உணர்வைப் பயன்படுத்துங்கள். கையை அந்தரத்தில் நீட்டுவதற்குப் பதிலாக, மேசையின் விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்திச் சென்றால் விரல்கள் டம்ளரைத் தொட்டு அறிந்துகொள்ளும்.
- ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் முன்னால் வையுங்கள். தட்டு, டம்ளர், மருந்து, செய்தித்தாள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் மேசை அவரைக் குழப்பும்.
- பொருள்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள்.
- நிற வேறுபாடு உதவும். வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் இடாமல் அடர்நிறத் தட்டில் இடுங்கள். படிக்கட்டின் விளிம்பில் பளிச்சென்ற நிற நாடாவை ஒட்டுங்கள்.
- அகன்ற அடிப்பகுதியும் கைப்பிடியும் உடைய குவளையைப் பாதியளவு மட்டும் நிரப்பிக் கொடுங்கள். சூடான காபி, தேநீர், இரசம் ஆகியவற்றை ஆறவைத்த பின்னரே கொடுங்கள்.
- மாத்திரையைத் தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கியதை உறுதி செய்யுங்கள்.
- அடுப்பு, அரிவாள்மணை, கத்தி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைத் தனியே கையாள விடாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை இருசக்கர வாகனமோ காரோ ஓட்டலாகாது. சாலையைத் தனியே கடக்கவும் விடலாகாது.
- இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவரிடம் பேசும்போது, சிகிச்சையாளர் கூறும் முறைப்படி அவருடைய கவனத்தை மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். ஆனால் அழைப்புமணி, தண்ணீர் போன்ற அவசியமானவற்றை அவர் கவனிக்கும் பக்கத்திலேயே வையுங்கள்.
- அவசரப்படுத்தாதீர்கள்; அவர் கை நீட்டும்போது வேறு பேச்சுக் கொடுக்காதீர்கள். பொருளை அவர் கையில் திணிப்பதைவிட, 'சற்று வலப்பக்கம்' என்று சொல்லி அவரே எடுக்க உதவுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்குக் கண்ணாடியை மாற்றினால் இக்குறை சரியாகுமா?
சரியாகாது. கண்ணாடி விழித்திரையில் பிம்பத்தைத் தெளிவாக்கும். மூளையின் திட்டத்தைச் சீராக்காது. எனினும் பார்வைக் குறைபாடும் உடனிருந்தால் சரியான கண்ணாடி அணிவது அவசியம்.

என் தந்தை ஒருநாள் சரியாக எடுக்கிறார், மறுநாள் தவறவிடுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?
இல்லை. களைப்பு, தூக்கமின்மை, மங்கிய வெளிச்சம், பொருள் இருக்கும் பக்கம் ஆகியவற்றிற்கேற்ப இக்குறை கூடவும் குறையவும் செய்யும். நேராகப் பார்த்து எடுக்கும்போது சரியாகவும், ஓரப்பார்வையில் எடுக்கும்போது தவறாகவும் அமைவது இந்நோயின் இயல்பு.

உடல் முழுவதும் செயலிழந்தவருக்கு இந்த அறிவு ஏதேனும் பயன் தருமா?
கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவருடைய உச்சி மடலில் 2013-ஆம் ஆண்டில் நுண்ணிய மின்முனைகள் பொருத்தப்பட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆண்டர்சன் குழுவினர் இதன் முடிவுகளை 2015-இல் வெளியிட்டனர். கை நீட்ட வேண்டும் என்று அவர் எண்ணியபோது எழுந்த நரம்புச் சைகைகளைக் கணினி படித்து, ஓர் இயந்திரக் கையை இயக்கியது. அதன் துணையால் அவர் தாமே பானத்தை எடுத்து அருந்தினார். பல ஆண்டுகளாகக் கை அசையாதிருந்தும், அசைவிற்கான திட்டம் அவர் மூளையில் அழியாமல் இருந்தது என்பதை இது காட்டியது. இது இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது. வழக்கமான சிகிச்சையாகக் கிடைப்பதில்லை. இதன் பெயரால் பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

நினைவில் கொள்ள வேண்டியது

ஒரு டம்ளர் தண்ணீரை எடுப்பது எளிய செயலாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் பின்னே மூளை செய்யும் பணி நமக்குத் தெரியாமல் நடப்பதே. அப்பணி தடைப்பட்ட ஒருவர் முயற்சி செய்யாமல் இருப்பதில்லை. நம்மைவிடப் பலமடங்கு முயன்றுகொண்டிருக்கிறார். தண்ணீர் கொட்டும் ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்ளப்படுபவர், நாளடைவில் கை நீட்டுவதையே நிறுத்திவிடுவார். கை நீட்டாதவருக்குப் பயிற்சியும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. கொட்டியதைத் துடைத்துவிட்டு, டம்ளரை மீண்டும் அதே இடத்தில் வைத்து, 'முதலில் பாருங்கள், பிறகு எடுங்கள்' என்று அமைதியாகச் சொல்வது பராமரிப்பவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவிகளுள் ஒன்றாகும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மருத்துவரை அணுகவும்.